ஏதோ கொஞ்சம் வாசிப்பேன்

வெண்டல் பாச்செகோ செய்த ஒரே தப்பு, கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னதுதான்.

கேட்டவர் சாலமன் கலுனா. வெண்டலின் மகள் கெஹௌவைக் கட்டிக்கொள்ளப் போகிற கெயோனியின் அப்பா. கேட்ட இடம் ஹிலோ என்கிற தீவு நகரத்தில் கலுனா வீட்டுக் கார் கொட்டகை. அந்தக் கொட்டகையில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. எப்போதும் ஒரு நீள மேஜையும் முப்பது நாற்காலிகளும்தான். நிச்சயப் பேச்சு முடிந்து, பன்றிக்கறி பாதிக்கு மேல் காலியாகி, உகுலேலே என்கிற நாலு தந்திக் குட்டி கிடார் ஒன்று கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அது சாலமன் கைக்கு வந்தது. அவர் மடியில்கூட வைத்துக்கொள்ளாமல் அதை அப்படியே வெண்டலிடம் நீட்டினார்.

"வாசிப்பீங்களா சம்பந்தி?"

"ஏதோ கொஞ்சம் வாசிப்பேன். தந்தியில விரல் வைக்க மூணு பிடி தெரியும். அவ்வளவுதான்."

கொட்டகையில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

காரணம் இருக்கிறது. "நான் நல்லா வாசிப்பேன்" என்று சொல்கிறவனை ஹிலோவில் ஐஸ் பெட்டி தூக்க அனுப்பிவிடுவார்கள். "எனக்கெங்கே வரும்" என்று கையைப் பிசைகிறவனுக்குத்தான் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். மீன் கடையில் செதில் உரிக்கிற ஒருவர், தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அரைமணி நேரம் சாதித்துவிட்டு, அப்புறம் நான்கு தந்தியில் வாசித்த வாசிப்புக்கு ஒரு சாவு வீடே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. கை பெரிதாகப் பெரிதாக வாய் சின்னதாகும் என்பது அந்த ஊர்க் கணக்கு. அந்தக் கணக்குப்படி மூன்று பிடி மட்டும் தெரிந்தவர் யாராக இருக்க முடியும்? பெரிய மேதையாகத்தான் இருக்க முடியும்.

பாவம், வெண்டலுக்கு நிஜமாகவே மூன்றுதான் தெரியும்.

"மூணு பிடியாம்," என்று ஒரு ஆன்டி பக்கத்து ஆன்டியின் காதில் சொன்னாள். "என்ன அடக்கம் பாரு."

"பாச்செகோன்னா சும்மாவா? இந்த வாத்தியத்தையே கப்பல்ல கொண்டு வந்து இறக்கினது அவங்க ஆளுங்கதானே."

வெண்டலின் முப்பாட்டன் போர்ச்சுகல் பக்கத்துத் தீவிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது கரும்புத் தோட்ட ஒப்பந்தம் ஒன்றும் தீராத பல்வலி ஒன்றும்தான். அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், சாலமனின் மனைவி லுவானா கரண்டியும் கையுமாக மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக் கல்யாணம்னா பொண்ணு பந்தலுக்குள்ள வரும்போது 'பாறை நண்டு' வாசிச்சாகணும். எப்பவும் இவரோட அண்ணன்தான் வாசிப்பார். அவர் லாஸ் வேகாஸ்ல வீடு வாங்கிட்டுப் போயிட்டார். யாரு வாசிக்கப் போறாங்கன்னு நானும் ஒரு மாசமாத் தூங்கல. இப்ப ஆள் கிடைச்சாச்சு. ரெண்டு சம்பந்தியும் சேர்ந்து வாசிச்சுடுங்க."

சாலமன் திடுக்கிட்டார். "நானா? எனக்கு ரெண்டு பிடிகூட ஒழுங்கா வராதே."

கொட்டகையே சிரித்துக் கைதட்டியது. வெண்டலும் சேர்ந்து தட்டினார். அண்ணன் அவ்வளவு பெரிய கை என்றால் தம்பி எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டே தட்டினார்.

வீடு திரும்பும்போது நல்ல மழை. மனைவி டார்லீன் வேறு காரில் தன் அண்ணன் மெல்வினோடு போய்விட்டாள். வண்டியை ஓட்டியது கெஹௌ.

"அப்பா, உனக்கு அது நிஜமாவே வருமா?"

"ஏதோ கொஞ்சம்..."

"அப்பா, கேக்கறது நான்."

"வராதும்மா."

சிவப்பு விளக்கில் நின்றபோது கெஹௌ சொன்னாள்:

"கெயோனியோட சித்தி பொண்ணு கல்யாணத்துல அந்தப் பாட்டு நடுவுல நின்னுபோச்சு. அன்னிக்கு அவனோட பெரியப்பா ஊர்ல இல்லை, வேற யாரோ வாசிச்சாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. மூணு பிள்ளை பெத்துட்டா. இன்னமும் அந்த வீட்ல அவளுக்கு என்ன பேர் தெரியுமா? செத்த நண்டு."

"அடக் கடவுளே."

"செத்த நண்டு வந்திருக்கா, செத்த நண்டுக்கு ஒரு தட்டு வை. இப்படித்தான் பேசறாங்க. பாசமாத்தான் பேசறாங்க. ஆனா எனக்கு அப்படி ஒரு பேர் வேண்டாம்பா. வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கல."

அவள் வேறு எதுவும் கேட்டதில்லை என்பது உண்மை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அப்பனிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்று ஆறு வயதிலேயே தெரிந்துகொண்ட பெண்.

"நிக்காது. நான் பார்த்துக்கறேன்," என்றார் வெண்டல்.

வீட்டில் டார்லீன் வாசலிலேயே நின்றிருந்தாள். கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா என்கிட்டயே மறைச்சிருக்கியேய்யா."

"நான் என்னத்த மறைச்சேன்? நீதான் தினமும் பார்க்கறியே. எனக்கு மூணு பிடிதான்—"

"போதும், போதும். இந்த அடக்கத்தை அங்க காட்டு. நான் சர்ச்ல எல்லார்க்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவள் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. வெண்டல் கடைசியாக அதைப் பார்த்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. அதைக் கையோடு கலைத்துவிட மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு படுக்கப் போனார்.

மறுநாள் மாலையே ஒரு முடிவோடு கடற்கரைக்குப் போனார். சாலமன் அங்கே துடுப்புப் படகுச் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்கிறவர். படகுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து துடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ஒரு உண்மையைச் சொல்லிடணும். எனக்கு அந்தப் பாட்டெல்லாம் வராது. மூணு பிடிதான் தெரியும்."

சாலமன் தேய்ப்பதை நிறுத்தினார். "எனக்கு ரெண்டுதான்."

"விளையாடாதீங்க. நான் நெஜமா சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலமன் மெதுவாகச் சிரித்தார். வெண்டலும் சிரித்தார். சாலமன் எழுந்து அவர் தோளைத் தட்டி, "உங்க மாதிரி ஆளோட சம்பந்தம் பண்ணறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்," என்றார்.

வெண்டல் இடிந்துபோய்த் திரும்பினார். மூன்று என்றால் இரண்டு என்கிறார் மனுஷன். இவ்வளவு அடக்கம் உள்ளவர் அந்த நண்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கப்போவது நாம்தான்.

ஆக, கற்றுக்கொண்டே தீரவேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

பேருந்துப் பணிமனைக்கு அடுத்த தெருவில் ஜோய்ஸ் ஹிகாவின் சலவைக் கடை. ஹிலோவில் பெய்கிற மழைக்குக் கொடியில் துணி காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை என்பதால், நாலு காசு போட்டால் துவைத்துக் காயவைக்கிற இயந்திரங்கள் அங்கே இருபது ஓடின. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு உகுலேலே தொங்கும். ஆள் இல்லாத நேரத்தில் ஜோய்ஸ் அதை எடுத்து வாசிப்பதை வெண்டல் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். "எனக்கெல்லாம் என்ன தெரியும்" என்று அவள் ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். ஆக, கெட்டிக்காரி.

"எவ்வளவு தெரியும்ணே?" என்று கேட்டாள் ஜோய்ஸ்.

"ஏதோ கொஞ்சம்—"

"வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்துக் காட்டினார்.

"அட, நெஜமாவே கொஞ்சம்தான். இப்பல்லாம் உண்மை பேசறவங்க கூடிட்டாங்க." அவள் வாத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "என்ன பாட்டு கத்துக்கணும்?"

"பாறை நண்டு."

ஜோய்ஸ் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "எல்லாரும் அதையே கேட்டா எப்படிண்ணே," என்று முணுமுணுத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. வேற நாள் கிடையாது," என்றாள்.

"யாருக்கும் தெரியக்கூடாது ஜோய்ஸ். என் மகளோட பேர் இதுல இருக்கு."

"இது சலவைக் கடைண்ணே. ஊர் அழுக்கு பூரா என் கையாலதான் போகுது. ஒண்ணாவது வெளியே வந்து பார்த்திருக்கீங்களா? ஆனா ஒண்ணு, வரும்போது துணியோட வாங்க. துணி இல்லாம ஒரு ஆம்பளை வாராவாரம் இங்க வந்து உட்கார்ந்தா, அது வேற பேச்சாப் போயிடும்."

அப்படித்தான் ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமைச் சலவை.

பாறை நண்டு என்பது பாட்டு இல்லை, வாசிப்பு மட்டும்தான். மொத்தம் நான்கு வரி. முதல் மூன்று வரியில் கறுப்பு நண்டு ஒன்று கடற்பாறையில் சாவகாசமாக உலாத்துகிறது. இடது கை விரல்கள் அதற்கேற்ப மேலும் கீழும் நடக்க வேண்டும். அதற்கே ஆறு வாரம் ஆயிற்று. நான்காவது வரியில் அலை வருகிறது. நண்டு தலைதெறிக்க ஓடுகிறது. மூன்று விரல் இருந்த இடத்திலேயே இருக்க, சுண்டு விரல் மட்டும் தாவிப் போய் வாத்தியக் கழுத்தின் பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்திவிட்டு, அது ஒலிக்கும்போதே வீடு திரும்ப வேண்டும். இப்படி ஒன்பது தாவல், ஒரே மூச்சில்.

"இது விரலா, வெந்த சேப்பங்கிழங்கா?" என்று ஏழாம் எண் இயந்திரத்தின் கடகடப்புக்கு மேலே கத்துவாள் ஜோய்ஸ். "தாவச் சொன்னா வழுக்குது."

"கை சின்னது ஜோய்ஸ்."

"கை எல்லாருக்கும் அந்த அளவுதான். மறுபடி."

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து துவைச்ச போர்வையை ஏன்யா திரும்பத் தூக்கிட்டுப் போற?" என்றாள் டார்லீன்.

"ஈர வாசனை அடிக்குது."

"நம்ம வீட்லயே மெஷின் இருக்கே, அதுல போட்டு எடு."

"அது சரியாவே காயவைக்கறதில்லை டார்லீன். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்."

டார்லீன் அன்றே அண்ணன் மெல்வினைக் கூப்பிட்டாள். மெல்வின் வந்து இயந்திரத்தைப் பிரித்து, உள்ளே பத்து வருஷத்துப் பஞ்சை அள்ளிப்போட்டு மாட்டினான். அதற்கப்புறம் அதில் போட்டு எடுத்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. திங்கட்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து வெண்டல் பின்பக்கம் கைவிட்டு, உள்ளே ஓடுகிற வாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மெல்வின் கைவச்சா உருப்படுமா," என்று டார்லீன் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு சாப்பிட வரவில்லை.

வெண்டலுக்கு மச்சான் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வார் பையில்தான் இருந்தது.

"எப்படியும் நீ போறே," என்றாள் டார்லீன் அடுத்த செவ்வாய். "அத்தை வீட்டுத் துணியையும் எடுத்துட்டுப் போ. அவங்களுக்கு முட்டிவலி."

அத்தை தன் சிநேகிதியிடம் சொன்னாள். சிநேகிதி எதிர்வீட்டாரிடம் சொன்னாள். வெண்டல் அருமையாக மடிக்கிறார் என்று பேச்சு பரவி, ஒன்பதாவது வாரம் சர்ச் பாடகர் குழுவின் இருபத்திரண்டு வெள்ளை அங்கிகளும் அவர் வண்டியில் ஏறின. இப்போது ஏழு வீட்டுத் துணி. போட்டு, எடுத்து, பிரித்து, மடித்து முடித்தால் வாசிக்க மிஞ்சுவது இருபது நிமிஷம்.

அந்த அவசரத்தில்தான் எதிர்வீட்டாரின் சிவப்புப் பாவாடை ஒன்று அங்கிகளோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. வெளியே வந்த இருபத்திரண்டும் நல்ல இளஞ்சிவப்பு.

"வாசிப்பைவிடத் துவைக்கிறதுதான் உங்களுக்குக் கொஞ்சம் சுமாரா வரும்னு நினைச்சேன்," என்றாள் ஜோய்ஸ். "அதுவும் போச்சு."

இதற்கு நடுவில் லுவானா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்துவிட்டாள். அன்று காலை வெண்டல் இடது சுண்டு விரலில் கனமாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார்.

"பஸ் கதவுல நசுங்கிடுச்சு," என்றார் கலுனா வீட்டுக் கொட்டகையில் எல்லாரும் பார்க்க.

சாலமன் பதறி எழுந்து வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "ஐயோ பாவம். அப்ப ஒத்திகை வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

"நீங்க மட்டுமாவது ஒருதடவை வாசிங்களேன்," என்றாள் லுவானா. "உங்க உகுலேலே எங்க?"

"பழுது பார்க்கக் கொடுத்திருக்கேன்."

வெண்டல் மனசுக்குள் கும்பிட்டார். ஒத்திகைகூடத் தேவைப்படாத மனுஷன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வாத்தியத்தைத் தூக்கி வெளியே கொடுக்கிற தைரியம் யாருக்கு வரும்?

சாலமன் தொண்டையைச் செருமினார். "நான் என்ன சொல்றேன்னா, விரல்தான் முக்கியம். வேணும்னா அந்தப் பாட்டை விட்டுடலாம். சின்னதா வேற ஏதாவது வாசிச்சா போச்சு."

வெண்டலுக்கு உயிர் திரும்பி வந்தது. "அதுவும் சரி" என்று சொல்ல உதடு பிரிந்தது. அதற்குள் டார்லீன் எழுந்துவிட்டாள்.

"அதெல்லாம் முடியாது. எங்க வீட்டுக்காரர் விரல் ஒடிஞ்சாலும் வாசிப்பார். ராத்திரி தூக்கத்துலகூட விரல் அசையுது. நான் பார்க்கறேனே."

சாலமன் முகம் தொங்கிவிட்டது. சம்பந்தியின் வீரத்தை நினைத்து அவர் நெகிழ்ந்துவிட்டார் என்று வெண்டல் எடுத்துக்கொண்டார். மூலையில் கெஹௌ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லுவானா தோட்டத்திலிருந்து நுணா இலையும் பழமும் பறித்து வந்து நசுக்கி, உப்பு வைத்து, விரலில் கட்டினாள். "ரெண்டு வாரம் அவிழ்க்கக் கூடாது." பிறகு டார்லீன் பக்கம் திரும்பி, "கொடுத்து வச்சவ நீ. துணியெல்லாம் அவரே துவைக்கிறாராமே," என்றாள்.

"ஏழு வீட்டுத் துணி."

"எங்க வீட்லயும் திடீர்னு பொறுப்பு வந்திருக்கு. கல்யாணம்னா ஆம்பளைங்க மாறித்தான் போறாங்க."

நுணாப் பழத்தின் நாற்றம் என்ன என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பேருந்தில் பிள்ளைகள் முதல் நான்கு வரிசையைக் காலி செய்துவிட்டுப் பின்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வீட்டில் டார்லீன் கண்ணெதிரே கட்டை அவிழ்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை மட்டும் சலவைக் கடையில் அவிழ்த்து, வாசித்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொள்வார். ஜோய்ஸ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்.

கடைசிச் செவ்வாய் வந்தது. நண்டு மூன்று வரி அழகாக உலாவியது. நான்காவது வரியில் இரண்டாவது தாவலிலேயே தவறி விழுந்தது. பதினான்கு முறை விழுந்தது.

வெண்டல் வாத்தியத்தை மடித்த துணி மேல் வைத்துவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"என் பொண்ணு என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான் ஜோய்ஸ்."

ஜோய்ஸ் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். இன்னொன்றையும் மடித்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலாவது வரி உங்களுக்கு இப்ப வராதுண்ணே. அதனால அதை வாசிக்காதீங்க. அங்க வந்து நின்னதும், உள்ளங்கையைத் தந்தி மேல வச்சுச் சத்தத்தை அணைச்சுடுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. அஞ்சாவதுல முதல் வரியைப் பிடிச்சு முடிச்சுடுங்க. அலை வந்துச்சு, நண்டு பொந்துக்குள்ள பூந்துச்சு, அலை போனதும் வெளியே வந்துச்சு. யாராவது கேட்டா அப்படிச் சொல்லிக்கலாம்."

"நான் நின்னா போதுமா? பக்கத்துல சம்பந்தி வாசிச்சுட்டே போவாரே. நான் விட்டது ஊருக்கே தெரிஞ்சுடாதா?"

ஜோய்ஸ் எழுந்து போய் ஏழாம் எண் இயந்திரத்தைத் திறந்து, தலையை உள்ளே விட்டு எதையோ ரொம்ப நேரம் தேடினாள். அவள் தோள் குலுங்கியது. இருமல் போலிருக்கிறது.

"அதெல்லாம் சரியா வரும். நாலு எண்ண மட்டும் மறந்துடாதீங்க," என்று உள்ளிருந்தே சொன்னாள்.

கல்யாணம் கடற்கரைப் பூங்காவில். வந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். பாடகர் குழு இளஞ்சிவப்பில் வந்து நின்றது. மணப்பெண் கைப்பூவுக்குப் பொருத்தமாகச் சாயம் போட்டிருக்கிறார்கள், பாச்செகோ வீட்டார் எவ்வளவு யோசித்துச் செய்கிறார்கள் என்று கலுனா ஆன்டிகள் வியந்தார்கள். ஜோய்ஸ் ஹிகா கழுத்தில் இரண்டு மாலையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் அவள் வேண்டியவளாம்.

மேடையில் இரண்டு நாற்காலி. கெஹௌ பந்தல் முனையில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். வெண்டல் கையில் இப்போது கட்டு இல்லை.

"நீங்க ஆரம்பிங்க சம்பந்தி," என்றார் வெண்டல்.

"நீங்க இருக்கும்போது நானா? நீங்களே ஆரம்பிங்க."

"மூத்தவர் நீங்க."

"விருந்தாளி நீங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிங்க," என்று லுவானா முன்வரிசையிலிருந்து பல்லைக் கடித்தாள். "பொண்ணு கால் வலிக்க நிக்கறா."

ஆரம்பித்தார்கள். நண்டு பாறை மேல் ஏறியது. கெஹௌ மெல்ல நடந்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, இரண்டு வாத்தியமும் ஒன்றாக ஒலித்தன. சாலமன் தன்னைவிட ஒரு ஸ்வரம்கூட அதிகம் வாசிக்காததை வெண்டல் கவனித்தார். நமக்காகத்தான் அடக்கி வாசிக்கிறார், பெரிய மனுஷன். மூன்றாவது வரி முடிந்தது. கெஹௌ பந்தலின் பாதியில் இருந்தாள்.

அலை வருகிற இடம் வந்தது. வெண்டல் உள்ளங்கையைத் தந்தியில் வைத்தார். இனி சம்பந்தி தனியாகப் பறக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்று.

ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வாத்தியமும் நின்றிருந்தது.

இரண்டு. வெண்டல் கண்ணைத் திறந்தார். சாலமன் உள்ளங்கையும் தந்தி மேல் இருந்தது. அவர் நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் வியர்வை.

மூன்று. முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கெஹௌ ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தாள். பாறையில் அலை மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான்கு.

இரண்டு கையும் ஒரே நொடியில் முதல் வரியைப் பிடித்தன. கெஹௌவின் கால் அதே நொடியில் தரையைத் தொட்டது. நண்டு வெளியே வந்து, வெயில் காய்ந்து, கெஹௌவோடு பந்தலின் மறுமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் எழுந்தவர் கலுனா வீட்டிலேயே மூத்த ஆன்டி. செத்த நண்டு என்று பேர் வைத்தவரும் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அறுபது வருஷமா இதைக் கேக்கறேன். அலைக்கு இடம் விட்டு வாசிச்சவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றார் எல்லாருக்கும் கேட்க. "லாஸ் வேகாஸ்காரனுக்கு இது வந்ததே இல்லை. வெறும் ஓட்டம்தான் ஓடுவான்."

கெஹௌ மேடைக்கு ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நிக்காதுன்னியேப்பா," என்று காதில் சொன்னாள், அழுதுகொண்டே சிரித்தாள். "நான் செத்தே போயிட்டேன்." பிறகு கெயோனியிடம் போய்விட்டாள். டார்லீன் அங்கே இளஞ்சிவப்புக் குழுவுக்கு நடுவே நின்று, தன் கணவன் எப்போதுமே இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாலமன் வந்து வெண்டலின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னைக் காப்பாத்திட்டீங்க சம்பந்தி. நான் விழுந்த இடத்துல நீங்களும் நின்னீங்களே. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய்விட்டார்.

வெண்டல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தடுமாறியதைத் தன் தடுமாற்றமாக எடுத்துக்கொள்கிறாரே இந்த மனுஷன். இப்படியும் ஒரு அடக்கம் உண்டா? தட்டு நிறைய பன்றிக்கறியோடு பக்கத்தில் வந்து நின்ற ஜோய்ஸிடம் மனசு தாங்காமல் சொன்னார்:

"பார்த்தியா ஜோய்ஸ்? அவ்வளவு பெரிய கலைஞன், என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகத் தன் கையையே நிறுத்திக்கிட்டார். நான் செவ்வாய்க்கிழமை வர்றதை நிறுத்தப் போறதில்லை. அந்த நாலாவது வரியைக் கத்துக்கிட்டு, ஒருநாள் அவருக்கு முன்னால வாசிச்சுக் காட்டுவேன்."

ஜோய்ஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"செவ்வாய்க்கிழமை வேண்டாம்ணே, இனிமே வியாழக்கிழமை அவர் படகுச் சங்கத்துத் துண்டையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிட்டு வர்ற நேரத்துக்கே நீங்களும் வந்துடுங்க, நாலாவது வரியை ரெண்டு பேருக்கும் ஒரே தடவையா சொல்லிக் கொடுத்துடறேன்."